சுரைக்காயின் கசப்பும் ‘கெமிக்கல் இல்லை’ என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளியான சுரைக்காய்ச் சாறு பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். சர்க்கரை நோயாளிகள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பருகலாம் என்று சொன்ன அந்தக் குறிப்பு, ‘முழுக்க முழுக்க இயற்கையானது, கெமிக்கல் துளியும் இல்லாதது’ என்று முடிந்திருந்தது. மதுரை மாவட்டப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கடைசி வரியை எத்தனையோ விளம்பரங்களில் பார்த்துப் பழகி, கண்டுகொள்ளாமல் கடந்து வந்தவளும் நானே. இந்த முறை அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் அண்ணனுக்கு வயது 67. திருமங்கலத்திற்கு அருகே எங்கள் பூர்வீக ஊரில் மதினியோடு இருக்கிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மதினி கொல்லையில் போட்ட பந்தலில் காய்த்த சுரைக்காயைத்தான் அரைத்துப் பிழிந்து தினமும் குடித்து வந்தார். அந்தக் கொடிக்கு யூரியா வைத்ததில்லை, பூச்சி மருந்து அடித்ததில்லை. எருவும் அடுப்புச் சாம்பலும்தான் போட்டார்கள். சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் ஒரு நாள் சாறு கசந்திருக்கிறது. கொட்டிவிடுங்கள் என்று மதினி சொல்லியிருக்கிறார். “கசந்தாத்தான சக்கரைக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுத் தம்ளரையும் அண்ணன் குடித்துவிட்டார். அரை மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கியது, பின்னாலேயே வயிற்றுப்போக்கு. மதுரைக்குக் கொண்டு வரும் வழியிலேயே வாந்தியில் ரத்தம் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, சுரைக்காய்ச் சாறு என்றதும், “கசந்ததா?” என்று அடுத்த நொடியே கேட்டார். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி, உள்நோக்கிக் கருவியால் இரைப்பையின் புண்களைப் பார்த்து, அண்ணனைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அந்த மருத்துவருக்கு நாங்கள் எந்நாளும் கடன்பட்டவர்கள்.

இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுப்பதற்காக ஊருக்குப் போனேன். அரிவாள்மனையின் பக்கத்தில் மீதிப் பாதிச் சுரைக்காய் அப்படியே கிடந்தது. பிஞ்சுமில்லை, முற்றலுமில்லை, இளம்பச்சைத் தோல், பஞ்சு போன்ற வெள்ளைச் சதை. சந்தையில் பார்த்தால் யாரும் தயங்காமல் வாங்கும் காய். நகக்கண்ணில் ஒட்டிய அளவு சதையை நுனிநாக்கில் வைத்து உடனே துப்பினேன். பலமுறை வாய் கொப்பளித்த பிறகும் அந்தக் கசப்பு அடிநாக்கை விட்டு அகலவில்லை. பாகற்காயின் கசப்பு நமக்குப் பழகிய கசப்பு. இது தொண்டையை இழுத்துப் பிடிக்கும் கசப்பு. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் கரிமச் சேர்மங்களின் அமைப்பை வரைந்து காட்டிய நான், சாறு கசந்தால் குடிக்காதே என்ற ஒரு வரியை உடன்பிறந்தவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்ற வருத்தம் இன்றுவரை எனக்கு இருக்கிறது.

அந்தக் கசப்புக்குக் குக்குர்பிட்டாசின் என்று பெயர். சுரை, பீர்க்கு, வெள்ளரி, புடல், பூசணி ஆகிய கொடிக்குடும்பம் முழுவதிலும் காணப்படும் ஒரு வேதிப்பொருள் தொகுதி அது. காட்டுக்கொடிகளில் அது நிறைந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயின் விதையை மட்டும் எடுத்து வைத்து விதைத்ததால் வீட்டுக்கொடிகளில் அது குறைந்துபோனது. ஆயினும் அதைச் செய்யும் திறனைக் கொடி முற்றிலும் மறந்துவிடவில்லை. கடும் வெயிலும் நீர்ப் பற்றாக்குறையும் கொடியை வாட்டும்போதோ, கசப்புள்ள காட்டு இனத்தின் மகரந்தம் கலந்த விதை முளைத்துக் காய்க்கும்போதோ அது திரும்பிவிடும். வேகவைத்தாலும் அழியாது. கசந்த காயைக் கூட்டாக வைத்தால் ஒரு வாய்க்கு மேல் இறங்காது, இலையில் ஒதுக்கிவிடுவோம். சாறாகப் பிழிந்தால் ஒரு முழுக் காயின் நஞ்சும் இரண்டு மடக்கில் வயிற்றுக்குள் போய்விடுகிறது. காயாகச் சமைத்துண்ட காலத்தில் இல்லாத ஆபத்து, சாறாகக் குடிக்கத் தொடங்கிய பின் வந்ததற்கு இதுவே காரணம். 2010இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வல்லுநர் குழு இதை ஆராய்ந்தது. பிழிவதற்கு முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாறுகளோடு கலந்து கசப்பை மறைக்கக் கூடாது, குடித்த பின் உடல் ஒவ்வாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அக்குழு அறிவுறுத்தியது. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது.

இந்த அறிவுரையில் முதலாவதை நம் பாட்டிமார் காலம்காலமாகச் செய்துவந்தார்கள். சுரைக்காயோ பீர்க்கங்காயோ நறுக்கும்போது காம்புப் பக்கத்தில் ஒரு சில்லு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே மிச்சத்தை நறுக்குவார்கள். நம் மொழியும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. கசக்கும் காட்டு இனங்களுக்குப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி என்று பெயர். வேதியியலார் குக்குர்பிட்டாசின் என்று சொல்வதைத் தமிழர்கள் பேய் என்ற ஒரே சொல்லால் அடையாளப்படுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆடுதீண்டாப்பாளை என்ற பெயரும் அப்படிப்பட்டதே. கண்டதையும் மேயும் ஆடு ஒதுக்கும் அந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைப் படிப்படியாகப் பாழாக்குவதும், புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்திற்கு இடமின்றி வகைப்படுத்தியிருப்பதும் அந்த அமிலம்தான். இப்பெயர்களை வைத்தவர்கள் இயற்கையை நேசித்தவர்கள்தாம். அதன் குணத்தை அறிந்து, அதற்குரிய அச்சத்தோடு நேசித்தார்கள்.

செடி எதற்காக இவற்றைச் செய்கிறது என்பது பிள்ளைகள் வகுப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி. அதற்கு நான் பாடப்புத்தகத்தைத் திறந்ததில்லை. பள்ளிச் சுவரோரம் நின்ற எருக்கஞ்செடிக்கு அழைத்துப் போவேன். ஓடவோ ஒளியவோ முடியாத செடி, தன்னைத் தின்ன வருவதைத் தடுக்க, இதயத்தைத் தாக்கும் நச்சைப் பாலில் கலந்து வைத்திருக்கிறது. ஆனால் இலையின் அடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிவரியாக ஒரு புழு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. அந்த நச்சைத் தாங்கிக்கொண்டு, தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. சுரைக்கொடியிலும் இதே கதைதான். பல பூச்சிகளை விரட்டும் குக்குர்பிட்டாசினைத் தேடியே சிவப்புப் பூசணி வண்டு வருகிறது. இப்படிப் பல கோடி ஆண்டுகளாக நடந்துவரும் போராட்டத்திற்காகச் செய்யப்பட்ட ஆயுதங்களைத்தான் நாம் மருந்தாகவும் மணமாகவும் சாயமாகவும் எடுத்துக்கொள்கிறோம். மனிதனின் நலனை எண்ணி எந்தச் செடியும் எதையும் செய்வதில்லை.

மதுரைக்காரர்களுக்கு மல்லிகையைச் சொல்லாமல் எதுவும் விளங்காது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். அப்போது அதில் மணம் அதிகம் இருக்காது. மணப்பொருள்களில் சில சர்க்கரை மூலக்கூறோடு பிணைக்கப்பட்டு மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. மாலையில் இதழ் விரியும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்க, மணம் காற்றில் ஏறுகிறது. லினலூல், பென்சைல் அசிட்டேட் என்று அந்த மணத்தில் பல சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் இண்டோல் என்று ஒன்று உண்டு. அதைத் தனியாகச் செறிவாக முகர்ந்தால் மலநாற்றம் அடிக்கும். உண்மையில் மலத்திலும் அது இருக்கிறது. அதுவே மிகச் சிறு அளவில் மற்றவற்றோடு சேரும்போதுதான் மல்லிகை மல்லிகையாகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைப் பழமொழியாக மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு முழம் பூவிலேயே அது வேதியியலாக இருக்கிறது.

இயற்கை, கெமிக்கல் என்று இரண்டு தனித்தனி உலகங்கள் இருப்பதாக எண்ணுவோர் சுங்குடிச் சேலையின் கதையையும் அறிய வேண்டும். மதுரையின் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் ஒரு காலத்தில் சிவப்புச் சாயத்தைச் சாயவேரிலிருந்து எடுத்தார்கள். வைகைத் தண்ணீரில்தான் அந்தச் சிவப்பு பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேரில் நிறம் தரும் முதன்மைப் பொருள் அலிசரின். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு அதே அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்தனர். அடுத்த சில பத்தாண்டுகளில் சாயவேர்த் தொழில் நலிந்தது. எத்தனையோ குடும்பங்களின் கைத்தொழில் போனதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் வேரில் இருந்ததும் ஆலையில் செய்ததும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. எங்கே பிறந்தது என்பதை மூலக்கூறு நினைவில் வைத்திருப்பதில்லை. ஆலைச் சாயத்தோடு வரும் கழிவும் அசுத்தமும் வேறு கேள்வி. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு நித்தியகல்யாணி இலையை மென்று தின்னும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்வோர் இதைக் கருணையோடு கேட்க வேண்டும். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆய்வாளர்கள் இதே நம்பிக்கையைச் சோதிக்கத்தான் இந்த இலையின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை. மாறாக, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. தொற்றை எதிர்க்கும் வலுவை இழந்து எலிகள் செத்தன. அங்கேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு நச்சுச் செடி என்று மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். அதனைத் தொடர்ந்து அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதல் வரிசையில் நிற்கிறது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். மில்லிகிராமில் அளந்து, நரம்பில் மட்டும், மருத்துவர் கண்ணெதிரே ஏற்றும் மருந்து அது. வீட்டு வாசலில் அந்தச் செடியை வளர்க்கலாம், பூவைச் சாமிக்குப் போடலாம். இலையை மெல்ல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் செங்காந்தள் பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். நம் மாநில மலர். உழவர்களுக்கு அது கண்வலிக்கிழங்கு. காலையில் பெண்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள்; விதை கிலோக்கணக்கில் மருந்து ஆலைகளுக்கும் வெளிநாட்டிற்கும் போகிறது. அந்த விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் நோய்க்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்படும் பொருள் அதுவே. செல் பிரியும்போது அதன் உள்ளே கட்டப்படும் நுண்குழல்களை அது கட்டவிடாமல் செய்கிறது. அந்த நுண்குழல்கள் இல்லாமல் வெள்ளை அணுக்கள் மூட்டை நோக்கி எளிதில் நகர முடியாததால் வீக்கம் தணிகிறது. அளவு கூடினால் குடல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பிரியும் செல்கள் உள்ள இடமெல்லாம் அழிகின்றன. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி இந்தக் கிழங்கை அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு குறுகிய வரப்புள்ள பயிரைக் கையாளும் அந்தப் பெண்களுக்கு, விதை உரிக்கும்போது கையுறை போட வேண்டும் என்பதையும், கை கழுவாமல் சோறு தின்னக் கூடாது என்பதையும் யாராவது பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கம் அதற்கு நல்ல இடம்.

செடியின் எந்தப் பாகம் என்பதும் அளவைப் போலவே முக்கியம். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய புரதம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கில் தங்கிவிடும். விளக்கெண்ணெயைக் குழந்தைக்கும் கொடுத்த நம் வீடுகளில் அந்தப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு எருவாகப் போட்டதன் காரணம் அதுதான். கற்றாழையின் சோற்றை ஏழு முறை கழுவச் சொன்னதும் அப்படியே. தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலில் அலோயின் என்ற கடும் பேதிப்பொருள் இருக்கிறது. இன்று தோலோடு மிக்சியில் போட்டு அடித்துக் குடிக்கிறார்கள்.

மஞ்சளையும் மிளகையும் பற்றி ஒன்று மட்டும். மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரின் கூடும்போது அது 20 மடங்கு வரை அதிகமாகச் சேர்வதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போட்டவர்களின் பட்டறிவு வியப்புக்குரியது. ஆனால் அதே பைப்பரின் வலிப்பு நோய்க்கான பெனிடாயின் போன்ற சில மாத்திரைகளையும் ரத்தத்தில் கூட்டிவிடும். சமையலில் போடும் மிளகால் கவலை இல்லை. குப்பியில் அடைத்து விற்கும் செறிவூட்டிய மாத்திரைகளைத் தினமும் விழுங்குவோர், தாங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் சித்த மருத்துவத்திற்கு எதிராக எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் பேய்ப்புடலும் ஒன்று. கசப்பின் வலிமையை அறிந்து, மற்ற எட்டோடு சேர்த்து, இவ்வளவு என்று அளந்து வைத்தவர்கள் சித்த மருத்துவர்கள். கீழமாசி வீதிப் பக்கத்தில் பழைய நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு சரக்கைக் கேட்டுப் பாருங்கள். யாருக்கு, என்ன வயது, எதற்காக என்று விசாரித்த பிறகுதான் கை தராசுக்குப் போகும். அந்த மரபு கேட்ட கேள்விகள்தாம் இன்றைய நலக் குறிப்புகளில் காணாமல் போயிருக்கின்றன. நான்கு வரியில், அளவும் இல்லாமல், யாருக்கு ஆகாது என்பதும் இல்லாமல், ‘கெமிக்கல் இல்லை’ என்ற உறுதிமொழியோடு அச்சாகும் குறிப்பை எந்தச் சித்த மருத்துவரும் தம்முடையது என்று ஏற்கமாட்டார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. மூலிகை, காய், சாறு பற்றிய எந்தக் குறிப்பை வெளியிட்டாலும், செடியின் பெயரை ஊர்ப்பெயரோடு நிறுத்திவிடாமல் தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்திலேயே சேர்த்து அச்சிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு செடிகள் வழங்கும் நாடு இது. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்பதும், கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுவோர் ஆகியோரில் யாருக்கு ஆகாது என்பதும் அதே குறிப்பில் இருக்கட்டும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு அச்சுக்குப் போகட்டும். ‘கெமிக்கல் இல்லாதது’ என்ற தொடரைத் தங்கள் நாளிதழ் இனிப் பயன்படுத்த வேண்டாம். பூச்சி மருந்து தெளிக்காதது, செயற்கை நிறம் சேர்க்காதது என்று எது உண்மையோ அதை அப்படியே எழுதலாம். தமிழில் அதற்குச் சொற்பஞ்சம் இல்லை. வேதியியல் பகுதியைச் சரிபார்க்க, என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவரும் நானும் கட்டணம் எதுவும் பெறாமல் உதவத் தயாராக இருக்கிறோம்.

அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார். அந்தப் பந்தலில் மதினி மறுபடியும் சுரை போட்டிருக்கிறார். கசந்த கொடியின் விதையை எடுக்காமல் வேறு விதை வாங்கி ஊன்றியிருக்கிறார். காயைக் குழம்பிலும் கூட்டிலும் மட்டும் போடுகிறார்கள், காம்புச் சில்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு. சென்ற மாதக் குறிப்பைக் கத்தரித்து வைத்து, தினமும் சாறு பிழிந்துகொண்டிருக்கும் வாசகர்கள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நிச்சயம் இருப்பார்கள். வெயில் ஏறி வருகிறது. சாறு கசந்தால் ஒரு மடக்குக்கூடக் குடிக்க வேண்டாம் என்ற ஒரு வரியை, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமையே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
திருநகர், மதுரை.